வாங்குகிறவள் கையெழுத்து

சேசு மரி சூசை துணை

பினாங்கு,
12-1-1957

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

மகன் மரிய அந்தோணி வணங்கி எழுதுவது. சர்வேசுரன் தயவில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

இங்கே வக்கீல் ஆபீசில் என்னை ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறார்கள். உயில், கிரயம், பாகப் பத்திரம் எல்லாம் இப்போது என் மேஜை வழியாகத்தான் போகின்றன. ஆனாலும் ஆயுள் முழுக்க இன்னொருவனுக்குக் காகிதம் எழுதிக்கொண்டிருக்க மனமில்லை. ஒரு சின்ன அச்சுக்கூடம் விலைக்கு வருகிறது. அதை எடுத்து நடத்தலாம் என்று பார்க்கிறேன். குடியிருக்கும் அறையும் மூன்று பேருக்குப் போதவில்லை, மாற வேண்டும்.

ஆகவே ஆவூர் நிலத்தையும் வீட்டையும் வீரய்யாவுக்குக் கொடுத்துவிடலாம். அடுத்த வயல்காரர், ரொம்ப நாளாகக் கேட்கிறார். விற்கும் அதிகாரத்தை எனக்குக் கொடுப்பதாக ஒரு பவர் பத்திரம் தயார் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். நீங்கள் திருச்சியில் சின்னம்மா வீட்டில் நிம்மதியாக இருக்கலாம். கோயிலும் பக்கம்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் கீழ்ப்படிந்த மகன்,
மரிய அந்தோணி

*

ஆவூர்,
3-2-1957

அன்புள்ள மகன் மரிய அந்தோணிக்கு,

அம்மா அருளம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் தைலத்தைத் தேய்த்தேன். வலி அப்படியே இருக்கிறது, வாசனை மட்டும் வீடு முழுக்க நிற்கிறது.

பவர் பத்திரமும் வந்தது. பென்சில் கோடு அழகாகப் போட்டிருக்கிறாய். அதை வைத்துத்தான் இன்றைக்கு அடுப்பு மூட்டினேன். நல்ல காகிதம், ஒரு குச்சியில் பிடித்துக்கொண்டது.

இது உன் அப்பா சம்பாதித்த சொத்து என்று நினைத்திருந்தால் திருத்திக்கொள். என் அப்பா எனக்குச் சீதனமாக என் பேரில் பதிவு செய்து கொடுத்த நிலம். வீடும் அந்த மனையில்தான் நிற்கிறது. உன் அப்பா ஆரோக்கியமுத்து, புண்ணியவான், சாகும்வரை “ஒன் நெலம், நீ சொல்றதுதான்” என்றே இருந்தார். நீ அவருக்குப் பிறந்தவன்தானே, அந்த வார்த்தை மட்டும் எப்படி மறந்தது?

வீட்டில் எல்லாரையும் விசாரித்தாயாம். இந்த வீட்டில் எல்லாரும் என்றால் நானும் உன் பெண்டாட்டியும்தான். அவளுக்கு அமலராணி என்று ஒரு பேர் இருக்கிறது. 48-ல் பெரியநாயகி மாதா பீடத்துக்கு முன்னால் அவளுக்குத் தாலி கட்டினாய். 49-ல் கப்பல் ஏறினாய். 52-ல் ஒரு மாதம் வந்து போனாய். மிச்ச நாளெல்லாம் அவள் இரண்டு எருதைப் பூட்டிக் கமலை ஓட்டி, கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் காப்பாற்றிய நிலம் இது. “பொம்பளை கமலை ஓட்டினா ஊருக்கு மழை பெய்யுமா?” என்று கேட்டவர்தான் உன் வீரய்யா. இப்போது அவள் போட்ட கடலையைப் பார்த்துவிட்டு நிலத்தைக் கேட்கிறார்.

அறை மூன்று பேருக்குப் போதவில்லை என்று எழுதியிருந்தாய். மூன்று பேர் யார் யார் என்று நான் கேட்கவில்லை.

நீ கேட்காத ஒன்றை நான் சொல்கிறேன். உயில் எழுதப் போகிறேன். எனக்குப் பிறகு நிலமும் வீடும் அமலராணிக்கு. திருச்சிக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று வந்திருக்கும் பங்கிராஸ் அண்ணனைக் கேட்டேன். நான் எழுதாமல் கண்ணை மூடினால் எல்லாம் உனக்கு வந்துவிடுமாம். மருமகளுக்குச் சட்டத்தில் ஒரு செங்கல்கூடக் கிடையாதாம். அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. செபமாலை சொல்கிறாயா?

ஆசீர்வாதத்துடன்,
அருளம்மாள்

*

பினாங்கு,
25-3-1957

அம்மாவுக்கு,

மகன் எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெற்ற மகன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது வந்தவளுக்கு எழுதி வைத்தால் ஆவூர் முழுக்கச் சிரிக்கும். பிள்ளை இல்லாதவளுக்கு நிலம் எதற்கு? நாளைக்கே அவள் அண்ணன்மார் வந்து எருதையும் கமலையையும் ஓட்டிக்கொண்டு போவார்கள். அப்போது நீங்கள் தெருவில் நிற்பீர்கள். பங்கிராஸ் மாமாவுக்குக் கோர்ட்டு போனாலும் வம்பு போகவில்லை போலிருக்கிறது.

மூன்று பேர் என்று எழுதியது என்னோடு தங்கியிருக்கும் இரண்டு நண்பர்களைச் சேர்த்து.

யோசித்து முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மரிய அந்தோணி

*

ஆவூர்,
30-4-1957

மகன் மரிய அந்தோணிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். ஈஸ்டர் பாஸ்கா நாடகம் நல்லபடியாக முடிந்தது. கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். முழங்கால் வலியோடு போய் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பாஸ்கா பார்க்கக் கீரனூர் நாகராசு வந்திருந்தான். பினாங்கிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறதாம். உன் நண்பர்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தான். “நல்லாருக்காங்க ஆத்தா” என்றான். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். பிறகு, ஒரு நண்பருக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாயே! அதையும் பெற்றவளிடமா?

அமலராணி அடுப்படியில் இருந்தாள். எல்லாம் கேட்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் எருதைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

பிள்ளை இல்லாதவளுக்கு நிலம் எதற்கு என்று கேட்டிருந்தாய். பிள்ளை இல்லாதவளுக்குப் பசிக்காதா? புருஷன் கடல் தாண்டி உட்கார்ந்திருந்தால் பிள்ளை என்ன தபாலிலா வரும்? இதைக் கேட்க உன் கை கூசவில்லையா?

ஊர் சிரிக்கட்டும். நான் உயில் எழுதுவதற்காகச் சிரித்தால் பரவாயில்லை. உன்னைப் பெற்றதற்காகச் சிரிக்கும் அன்றைக்குத்தான் எனக்குக் கஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அருளம்மாள்

*

பினாங்கு,
18-9-1957

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் மரிய அந்தோணி பணிவுடன் எழுதுவது. நாலைந்து மாதமாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஊரெல்லாம் விளக்கு. உங்கள் முழங்கால் எப்படி? மழை உண்டா?

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். சொத்து உங்களுடையது. உங்கள் மனம்போல உயில் எழுதுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. நிலமானாலும் மாடானாலும் வாங்குகிறவர் கையும் பத்திரத்தில் விழ வேண்டும். அப்போதுதான் நாலு பேர் ஒப்புக்கொள்வார்கள். அதனால் சாட்சிகள் கையெழுத்துப் போடும் இடத்தில் அமலராணியும் ஒரு சாட்சியாகப் போடட்டும். பங்கிராஸ் மாமா ஒன்று, அவள் ஒன்று. வேறு யாரும் வேண்டாம். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கும், அவளுக்கும் ஒரு மரியாதை.

அமலராணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கள் மகன்,
மரிய அந்தோணி

*

ஆவூர்,
10-10-1957

அன்புள்ள மகனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழை ஒரு பாட்டம் பெய்தது, கண்மாயில் கால்வாசித் தண்ணீர்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் பேரைக் கடிதத்தில் எழுதியிருந்தாய். அமலராணியிடம் காட்டினேன். அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கீரனூரில் பத்திரம் எழுதும் குழந்தைசாமி உயிலை எழுதி முடித்துவிட்டார். நீ சொன்ன வழக்கத்தை அவரிடம் சொன்னேன். “வாங்குறவங்க கை வைக்கிறது நல்லதுதான் ஆத்தா, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க” என்றார். இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. காகிதம் என் பெட்டியில் இருக்கிறது.

நீ வக்கீல் ஆபீசில் இருக்கிறவன். உயிலெல்லாம் உன் மேஜை வழியாகத்தான் போகிறது என்று நீயே எழுதியிருந்தாய். அதனால் உன்னைக் கேட்கிறேன். அமலராணி சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் அவளுக்கு ஏதாவது கெடுதல் உண்டா? சுற்றி வளைக்காதே. உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று எழுது. உன் பதில் வரும்வரை நான் பேனாவைத் தொட மாட்டேன்.

நான் உன்னைப் பெற்றவள். அதை நினைத்துக்கொண்டு எழுது.

அருளம்மாள்

*

பினாங்கு,
2-12-1957

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். ஆபீசில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

நீங்கள் கேட்டதில் ஒரு கெடுதலும் இல்லை. தைரியமாகப் போடச் சொல்லுங்கள்.

கிறிஸ்மஸுக்கு இரண்டு சேலை அனுப்பியிருக்கிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவளுக்கு.

தங்கள் மகன்,
மரிய அந்தோணி

*

ஆவூர்,
6-1-1958
மூன்று ராசாக்கள் திருநாள்

மரிய அந்தோணிக்கு,

அருளம்மாள் எழுதிக்கொண்டது. உயிரோடு இருக்கிறேன். நீயும் சுகமாக இரு.

சேலைகள் வந்தன. என்னுடையதை நான் கட்டிக்கொண்டேன். அமலராணி அவளுடையதைப் பிரிக்காமலே, நம் நிலத்தில் களை எடுக்க வரும் செவந்திக்குக் கொடுத்துவிட்டாள்.

உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றைக்கே எனக்கு விடை தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைசாமி எழுதிய உயிலைப் பங்கிராஸ் அண்ணனிடம் வாசிக்கக் கொடுத்தேன். குழந்தைசாமியும் கூட இருந்தார். அண்ணன் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு, “சாட்சி யாரு?” என்றார்.

“ஒண்ணு நீங்க. இன்னொண்ணு அமலராணி” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “யாரு சொன்னது ஒனக்கு? சொத்து வாங்குறவளே சாட்சி போட்டா உயில் நிக்கும், அவளுக்கு எழுதுனது மட்டும் விழுந்துரும். விழுந்தா யாருக்குப் போகும்? ஒன் மகனுக்கு.”

குழந்தைசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. “முப்பது வருசமா எழுதுறேங்க. ஒருத்தருக்கும் அப்படி விழுந்ததில்லையே!”

“நீ எழுதுனதெல்லாம் இந்துக் குடும்பத்துக்கு. அவங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. எங்களை மாதிரி வேதக்காரங்களுக்கு இருக்கு” என்றார் அண்ணன்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “ஒரே கம்மாத் தண்ணி குடிக்கிறோம். ஒரே ரிஜிஸ்டர் ஆபீசுக்குத்தான் போறோம். செத்த பெறகு மட்டும் எங்களுக்கு வேற சட்டமா?” என்று சத்தம் போட்டேன். யாரைப் பார்த்துச் சத்தம் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பாவம், குழந்தைசாமி வாசல்வரை போய்விட்டார்.

அவருக்குத் தெரியாது. அவர்மேல் குற்றமில்லை. உனக்குத் தெரியும். நாலைந்து மாதம் வாயைத் திறக்காதவன் திடீரென்று வழக்கம், மரியாதை என்று எழுதியபோதே எனக்கு உறுத்தியது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? வேறு சாட்சி வேண்டாம் என்றும் சொன்னாயே, அது அவளை விட்டுவிட்டு இன்னொருவரைப் போட்டுவிடக் கூடாதே என்றுதானே?

ஆனால் பெற்ற மனம் பித்து. ஒருவேளை தெரியாமல் எழுதினானோ, கேட்டால் சொல்லிவிடுவானோ என்று ஒரு நப்பாசை. அதனால்தான் கேட்டு எழுதினேன். இரண்டு மாதம் தபால்காரர் பெரியகருப்பன் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. ‘உண்டு’ என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் கிணற்றடிப் புஞ்சையை உன் பேருக்கு எழுதியிருப்பேன். மாதா சத்தியம்.

நீ தைரியமாகப் போடச் சொன்னாய். போட்டாள். ஆனால் உயிலில் இல்லை.

உயில் நான் செத்த பிறகு பேசுகிற காகிதம். உயிரோடிருக்கும்போதே எனக்கு வாய் இருக்கிறது, செத்த பிறகு காகிதத்தை ஏன் பேச விட வேண்டும்? டிசம்பர் இருபதாம் தேதி கீரனூர் போய் எல்லாவற்றையும் அமலராணி பேருக்குச் செட்டில்மெண்டு எழுதிப் பதிவு செய்துவிட்டேன். நான் சாக வேண்டியதில்லை, யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே அவளுடையதாகிவிட்டது. அண்ணன் ஒரு சாட்சி, குழந்தைசாமி ஒரு சாட்சி. வாங்குகிறவள் ஒப்புக்கொண்டதாக அவளும் கையெழுத்துப் போட்டாள். செட்டில்மெண்டில் அது பலம்தானாம். நீ சொன்ன வழக்கத்தை நான் விடவில்லை, பார்த்துக்கொள்.

பத்திரம் எழுதும்போது எங்களுக்குள் ஒரு சண்டை. “அத்தை உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த வீட்ல இருக்க உரிமை உண்டுன்னு எழுதுங்க. இல்லேன்னா நான் கை வைக்க மாட்டேன்” என்று பிடிவாதம் பிடித்தாள்.

“ஏன்டி, நீ என்னை வெரட்டவா போறே?” என்றேன்.

“நான் வெரட்ட மாட்டேன். எனக்கு ஒண்ணு ஆகி, வேற யாராச்சும் வந்து வெரட்டுனா?”

நான் தெருவில் நிற்பேன் என்று நீ பயந்தாயே, அதற்கு வழி செய்தவள் அவள்தான்.

கடைசியாக ஒன்று. அங்கே பல் முளைத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயா? அது ஒரு பாவமும் அறியாதது. அதற்கு என் ஆசீர்வாதம். உனக்கு இந்த முறை இல்லை.

அருளம்மாள்

*

பினாங்கு,
28-2-1958

அம்மா,

உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

போன வருஷம் எங்கள் ஆபீசுக்கு ஒரு கிழவியின் உயில் வந்தது. மகளுக்கு வீடு எழுதியிருந்தாள். மகளே சாட்சியும் போட்டிருந்தாள். அந்த வீடு அவளுக்கு இல்லை என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். என் மேஜைக்கு முன்னால் நின்று அழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இதை எழுதக்கூடாது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பெண் குழந்தை. ஞானஸ்நானம் இன்னும் ஆகவில்லை. சாமியார் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

அச்சுக்கூடம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. பாஸ்காவுக்கு ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். வந்தால் வீட்டில் தங்கலாமா?

மரிய அந்தோணி

*

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
14-3-1958

திரு. மரிய அந்தோணி அவர்களுக்கு,

அமலராணி எழுதுவது. அத்தை சுகம். முழங்கால் வலி முன்போலத்தான். நானும் சுகமாக இருக்கிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அத்தை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். “தங்கலாமான்னு கேக்குறான். வீடு ஒன்னோடது. பதிலும் நீதான் எழுதணும்” என்று பேனாவையும் கொடுத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். கேட்டால் கண்ணில் தூசி என்பார். உங்களைப் பார்க்க அவருக்கு ஆசை இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

பாஸ்காவுக்கு வாருங்கள். விருந்தாளியாக வாருங்கள். குழந்தையையும் அதைப் பெற்றவளையும் அழைத்து வந்தாலும் மூன்று பேருக்கும் பாய் இருக்கிறது. இங்கே மூன்று பேருக்கு இடம் போதும். அவளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது என்று எழுத முடியவில்லை. வரும். ஆனாலும் சோறு போடுவேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நம் சாமியாரிடம் கேட்கலாம். அவர் கேட்கும் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள். அதற்கு மேல் தங்குகிறவர்கள் காலையில் என்னோடு கிணற்றுக்கு வந்து எருது பிடிக்க வேண்டும். வீரய்யாவைப் பார்த்துப் பேச வேண்டுமானால் அவர் வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள், என் வாசலில் வேண்டாம்.

பத்திரம் எதையும் கொண்டுவர வேண்டாம். பென்சில் கோட்டின் மேல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த வீட்டில் இல்லை.

வரும் தேதியை எழுதுங்கள். உறையின் மேல் அத்தை பேரை எழுத வேண்டாம், என் பேரை எழுதுங்கள். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு கடிதம் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் பெரியகருப்பன் தேடி அலைய மாட்டார். இது யார் வீடு என்று அவருக்குத் தெரியும்.

அமலராணி